சென்னை வெயிலில் மாதிரி நீராவி எஞ்சினுக்கு இஞ்செக்டர்: பொருத்துவதும் இயக்குவதும்

பாய்லரின் நீராவியைக் கொண்டே அதற்குள் தண்ணீர் ஏற்றும் சின்னக் கருவி இஞ்செக்டர். அது தண்ணீர் எடுக்கவில்லை என்றதும் நம்மில் பலர் முதலில் செய்வது, அதைக் கழற்றிக் கம்பியால் குத்துவது. கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை அது. கம்பியாலோ செய்யவே கூடாது. நல்ல பட்டறையில் கடைந்த இஞ்செக்டர் தானாகக் கெட்டுப்போவது அபூர்வம். கோளாறு பெரும்பாலும் அதைச் சுற்றித்தான் இருக்கும்: தண்ணீர் சூடாக இருக்கும், உறிஞ்சும் குழாயில் எங்கோ காற்று நுழையும், நீராவி ஈரமாக வரும், அல்லது பாய்லர் வாசலில் உள்ள, தண்ணீரைத் திரும்பி வரவிடாத கிளாக் வால்வு கசியும். சென்னையில் முதலிடம் சூடான தண்ணீருக்கே.

இந்தக் கலையின் கையேடுகள் பெரும்பாலும் இங்கிலாந்தில் எழுதப்பட்டவை. அங்கே டேங்க் தண்ணீர் கோடையிலும் சில்லென்று இருக்கும். கத்திரி வெயிலில் நம் மொட்டைமாடி கருப்புத் தொட்டியிலிருந்து மதியம் இரண்டு மணிக்கு இறங்கும் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள். அதை அப்படியே எஞ்சினில் ஊற்றிவிட்டு இஞ்செக்டரைத் திட்டுவதில் நியாயமில்லை.

இங்கே சொல்வதெல்லாம் 3½, 5, 7¼ அங்குல அகலத் தண்டவாளப் பாதைகளில் ஓடும், செப்புப் பாய்லர் கொண்ட, சதுர அங்குலத்துக்கு 80 முதல் 100 பவுண்டு அழுத்தத்தில் இயங்கும் நிலக்கரி எஞ்சின்களுக்கு. மேசைமேல் ஓடும் சின்ன எஞ்சின்களுக்குக் கைப்பம்பே போதும்.

உள்ளே நடப்பது என்ன

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பியபோது இஞ்செக்டர் என்ற பொருளே உலகில் இல்லை. அன்றைய எஞ்சின்களில் தண்ணீர் ஏற்றியவை சக்கர அச்சோ பிஸ்டன் தண்டோ இயக்கும் பம்புகள். சக்கரம் சுற்றினால்தான் பம்பு ஓடும். நிலையத்தில் நெடுநேரம் நின்று பாய்லரில் தண்ணீர் குறைந்தால், எஞ்சினை மட்டும் கழற்றிப் பாதையில் முன்னும் பின்னும் ஓட்டித்தான் நிரப்ப வேண்டும். பெரம்பூர் பட்டறையில் மறுபிறவி எடுத்த, கிழக்கிந்திய ரயில்வேயின் இ.ஐ.ஆர். 21 எஞ்சின் 1855-ல் கட்டப்பட்டது. அதுவும் அந்தக் காலத்து ஆள்தான். 1858-ல் பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி ஜிஃபார் இஞ்செக்டருக்குக் காப்புரிமை பெற்றார். அதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே நீராவி எஞ்சின் பூட்டிய பலூனில் பாரிஸிலிருந்து பறந்து காட்டியவர் அவர். நகரும் பாகம் ஏதுமில்லாமல், பாய்லரின் நீராவியைக் கொண்டே அதே பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ள முடியும் என்று அவர் சொன்னபோது கேட்டவர்கள் நம்பத் தயங்கியதில் வியப்பில்லை.

உள்ளே மூன்று கூம்புகள் வரிசையாக நிற்கின்றன. முதலாவது நீராவிக் கூம்பு. இதன் வழியே பாயும் நீராவி விநாடிக்குப் பல நூறு மீட்டர் வேகம் பெறுகிறது. இரண்டாவது கலப்புக் கூம்பு. இங்கே நீராவி குளிர்ந்த நீரைச் சந்தித்து நொடியில் நீராகச் சுருங்குகிறது. தன் வேகத்தையும் அதனிடம் கொடுத்துவிடுகிறது. சுருங்கியதால் உண்டாகும் வெற்றிடம் மேலும் தண்ணீரை இழுக்கிறது. மூன்றாவது செலுத்துக் கூம்பு. படிப்படியாக விரியும் இதில் நீர்த்தாரையின் வேகம் குறைந்து அழுத்தமாக மாறுகிறது. அந்த அழுத்தம் பாய்லர் அழுத்தத்தைவிடச் சற்றே கூடுதலாக இருப்பதால் கிளாக் வால்வு திறந்து தண்ணீர் உள்ளே போகிறது.

இந்த விளக்கத்தில் கவனிக்க வேண்டிய சொல் ‘சுருங்குகிறது’. நீராவி முழுவதும் நீராக வேண்டும். தண்ணீர் சூடாக இருந்தால் நீராவியின் ஒரு பகுதி ஆவியாகவே எஞ்சும், வெற்றிடம் உடையும், எல்லாம் இஞ்செக்டரின் கழிவு வாயான ஓவர்ஃப்ளோ குழாய் வழியாகச் சீறிக்கொண்டு வெளியே வரும். காற்று நுழைந்தாலும் இதே கதை, ஏனென்றால் காற்று நீராவியைப் போல நீராகச் சுருங்காது. இதனால்தான் கம்ப்ரசர் காற்றை இணைத்து இஞ்செக்டரைச் சோதிக்க முடியாது. எவ்வளவு நல்ல இஞ்செக்டரும் அந்தச் சோதனையில் தோற்கும்.

எந்த அளவு வாங்குவது

இஞ்செக்டர்கள் நிமிடத்துக்கு இத்தனை அவுன்ஸ் என்ற கணக்கில் விற்பனையாகின்றன. ஒரு அவுன்ஸ் சுமார் 28 மில்லி. சிறிய 3½ அங்குல எஞ்சினுக்கு 8 அல்லது 12 அவுன்ஸ், நடுத்தர 5 அங்குல எஞ்சினுக்கு 16 முதல் 24 அவுன்ஸ், 7¼ அங்குலத்துக்கு 32 அவுன்ஸும் அதற்கு மேலும் என்று வைத்துக்கொள்ளலாம். 16 அவுன்ஸ் என்றால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 450 மில்லி.

பெரியதாக வாங்கினால் நல்லது என்ற எண்ணம் இங்கே உதவாது. தேவைக்கு மீறிய இஞ்செக்டர் நிமிடத்தில் பாய்லரைக் குளிர வைத்து அழுத்தத்தை இறக்கிவிடும். மிகச் சிறியதிலும் தொல்லை உண்டு. 16 அவுன்ஸ் இஞ்செக்டரிலேயே செலுத்துக் கூம்பின் குறுகிய இடம் அரை மில்லிமீட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதைவிடச் சிறியதில் ஒரு துகள் உப்புப் படிவு போதும், கதை முடிந்தது. ஐந்து அங்குல எஞ்சின் வைத்திருப்பவருக்கு 16 அவுன்ஸ் ஒன்றும், அதற்குத் துணையாக அச்சுப் பம்பும் இருப்பதே நல்ல ஏற்பாடு என்பது என் கருத்து. எது எப்படியானாலும், தண்ணீர் ஏற்ற ஒன்றையொன்று சாராத இரண்டு வழிகள் இல்லாமல் நெருப்பு மூட்டாதீர்கள்.

முதலில் தண்ணீர்

இஞ்செக்டரை வாங்கும் முன்பே இதை முடிவுசெய்துவிடுங்கள். வேளச்சேரியிலோ திருவான்மியூரிலோ எடுக்கும் போர் தண்ணீர் எஞ்சினுக்கு ஆகாது. கடற்கரையை ஒட்டிய பகுதிகளில் உப்பும் சேர்ந்து வரும். வீட்டு வெந்நீர் ஹீட்டரின் கம்பிச்சுருளைக் கழற்றிப் பாருங்கள். அதில் படிந்திருக்கும் வெள்ளைப் பொருக்குதான் உங்கள் கூம்பிலும் பாய்லரின் நெருப்புக் குழாய்களிலும் படியப்போகிறது. மெட்ரோ வாட்டர் பரவாயில்லை. இருபது லிட்டர் கேன் தண்ணீர் அதைவிட நல்லது. எல்லாவற்றையும்விட நல்லது மழைநீர். 2003-க்குப் பிறகு நகரில் வீட்டுக்கு வீடு மழைநீர்ச் சேகரிப்பு வந்துவிட்டது. ஐப்பசி, கார்த்திகையில் முதல் இரண்டு மழையை மாடி கழுவ விட்டுவிட்டு, அடுத்த மழையை வெள்ளைத் துணியில் வடிகட்டி மூடிய கேன்களில் பிடித்து வையுங்கள்.

அடுத்தது வெப்பம். டேங்க் தண்ணீர் 30 பாகைக்குக் கீழே இருந்தால் இஞ்செக்டர் மகிழ்ச்சியாக வேலை செய்யும். 35-ஐத் தாண்டும்போது முரண்டு தொடங்கும். 40-ல் பெரும்பாலானவை மறுத்துவிடும். பாய்லர் அழுத்தம் கூடக்கூட இந்த எல்லை இன்னும் கீழே இறங்கும். 60 பவுண்டில் எடுத்த அதே தண்ணீரை 95 பவுண்டில் எடுக்காமல் போவது இதனால்தான். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் தொட்டிக்குள் வைக்கும் வெப்பமானி மலிவாகக் கிடைக்கும். ஒன்று வாங்கி டேங்கில் தொங்கவிடுங்கள்.

மே மாதத்தில் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்றால் கேன்களை முதல் நாள் இரவே வீட்டுக்குள், தரையில் வைத்துவிடுங்கள். மண்பானை நம் ஊர்ப் புழுக்கத்தில் பெரிதாகக் குளிர்விக்காது. நல்ல தண்ணீரில் உறைய வைத்த ஐஸை உறையோடு டேங்கில் போடுவதே சுருக்குவழி. சைடு டேங்க் எஞ்சின்களுக்கு இது இன்னும் அவசியம். டேங்க் பாய்லரை ஒட்டியே இருப்பதால் காலையில் 28 பாகையில் ஊற்றிய தண்ணீர் ஒரு மணி நேரத்தில் வெதுவெதுப்பாகிவிடும். டேங்குக்கும் பாய்லருக்கும் நடுவே சிறு காற்று இடைவெளியும், பாய்லரின் மேல் வெப்பத்தடுப்பு உறையும் இருக்க வேண்டும்.

பொருத்துதல்

இடம் தேர்வதிலிருந்து தொடங்குவோம். இஞ்செக்டரின் உடல் டேங்கின் அடிமட்டத்தைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். தண்ணீர் தன் எடையிலேயே இறங்கி வர வேண்டும். மாதிரி இஞ்செக்டர்கள் கீழிருந்து தண்ணீரை மேலே இழுக்கும் வகையல்ல. ஓட்டுநர் அறைப் படிக்கட்டின் பின்புறம் பொருத்தமான இடம். சாம்பல் தட்டுக்கும் நெருப்புப் பெட்டிக்கும் அருகே மட்டும் வேண்டாம். உடல் சூடேறினால் குளிர்ந்த தண்ணீரும் உள்ளே வந்து சூடாகும். ஓவர்ஃப்ளோவின் முனை, வண்டியில் உட்கார்ந்திருக்கும் உங்கள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். பல அழகான எஞ்சின்களில் இதை மறந்துவிடுகிறார்கள். பிறகு ஓட்டும்போது பக்கவாட்டில் தலைகீழாகத் தொங்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

நீராவியைப் பாய்லரின் மிக உயர்ந்த இடத்திலிருந்து எடுங்கள். விசிலுக்கும், நெருப்புக்குக் காற்றிழுக்கும் புளோயருக்கும் போகும் கிளைக் குழாயிலிருந்து பிரித்து எடுத்தால், விசில் அடிக்கும்போதெல்லாம் இஞ்செக்டர் விட்டுவிடும். தனி வால்வு, தனி வழி. பாய்லரின் பின்தட்டிலிருந்து எடுப்பதானால் உள்ளே ஒரு குழாயைப் பாய்லர் உச்சியில் உள்ள கும்மட்டமான டோம் வரை நீட்டி, அங்கிருந்து உலர்ந்த நீராவி வரும்படி செய்யுங்கள். நீராவி வால்வின் துளை, குழாயின் துளையைவிடக் குறுகலாக இருக்கக் கூடாது. 16 அவுன்ஸ் இஞ்செக்டருக்கு வெளிவிட்டம் 5 மில்லிமீட்டர் நீராவிக் குழாய், 6 மில்லிமீட்டர் தண்ணீர்க் குழாய், 5 மில்லிமீட்டர் செலுத்துக் குழாய் என்று போட்டால் குறை வராது. ஏசி மெக்கானிக்குகள் வாங்கும் கால் அங்குல மென்செப்புக் குழாய் தண்ணீர்ப் பக்கத்துக்கு அளவெடுத்தது போல இருக்கும். வளைவுகள் பெரிய வட்டமாக இருக்கட்டும். நசுங்கிய வளைவு ஒன்று இருந்தாலும் அந்தக் குழாயைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக வளையுங்கள்.

ஆனால் அதே ஏசி மெக்கானிக்கின் பற்றவைப்புக் குச்சியைக் கடன் வாங்காதீர்கள். அது பாஸ்பரஸ் கலந்த செம்பு. நிலக்கரிப் புகையில் உள்ள கந்தகம் அதை அரித்துவிடும். நல்ல விழுக்காடு வெள்ளி கலந்த, காட்மியம் இல்லாத வெள்ளிப் பற்றாசும் அதற்குரிய ஃபிளக்ஸும் வேண்டும். பாய்லரில் நேரடியாக மாட்டும் பாகங்களுக்குப் பித்தளை வேண்டாம், வெண்கலமோ கன்மெட்டலோதான். பித்தளையிலிருந்து துத்தநாகம் மெல்ல மெல்லக் கரைந்து போய், பார்க்க முழுதாக இருக்கும் பாகம் உள்ளுக்குள் உளுத்துவிடும். செம்புதாஸ் தெருவில் வால்வு வாங்கும்போது இதைக் கேட்டே வாங்குங்கள்.

குழாய்களைக் கழற்றி மாட்டும் யூனியன் மூட்டுகளில் வெள்ளை டேப் சுற்றும் பழக்கத்தை இங்கே கட்டாயம் விட வேண்டும். நம் ஊர் பிளம்பருக்கு அது சர்வரோக நிவாரணி. இஞ்செக்டருக்கோ விஷம். டேப்பின் ஒரு நூல் பிரிந்து கூம்புக்குள் போனால் அரை நாள் வேலை போயிற்று. யூனியனில் கூம்பு முகமும் இருக்கையும் உலோகத்தோடு உலோகமாக உட்கார்ந்தாலே போதும். மரையில் அடைப்பான் தேவைப்படும் இடங்களில் மிகக் குறைவாகத் திரவ அடைப்பான் தடவுங்கள்.

தண்ணீர்ப் பக்கத்தில் டேங்கின் உள்ளேயே நுண்ணிய வலைச் சல்லடை ஒன்று வேண்டும், பரப்பு தாராளமாக இருக்கட்டும். விரல் நுனி அளவு சல்லடை ஒரே ஓட்டத்தில் அடைத்துக்கொள்ளும். தண்ணீர் வால்வு நுண்ணிதாகத் திருப்பக்கூடியதாக இருக்க வேண்டும். இஞ்செக்டரைச் சரிசெய்வது அதை வைத்துத்தான். அந்த வால்வின் தண்டைச் சுற்றியுள்ள பேக்கிங்கைக் குறிப்பாகக் கவனியுங்கள். நின்றிருக்கும்போது அங்கே ஒரு சொட்டும் ஒழுகாது. ஆனால் இஞ்செக்டர் இழுக்கத் தொடங்கியதும் அதே இடத்தில் காற்று உள்ளே போகும். சோதிக்க எளிய வழி: டேங்கைக் காலி செய்து, வால்வைத் திறந்து, குழாயின் இஞ்செக்டர் முனையை அடைத்து, டேங்க் பக்கத்து முனையில் சிறு ரப்பர் குழாய் மாட்டி வாயால் ஊதுங்கள். மூட்டுகளிலும் வால்வுத் தண்டிலும் சோப்பு நுரை தடவியிருந்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். டெண்டர் எஞ்சினில், எஞ்சினுக்கும் பின்னால் தண்ணீர் சுமந்து வரும் டெண்டருக்கும் இடையே உள்ள ரப்பர் குழாய்க்குள் மெல்லிய கம்பிச்சுருள் ஒன்றைச் செருகிவிடுங்கள். வளைவுப் பாதையில் குழாய் மடங்காது.

செலுத்துக் குழாயின் முடிவில் பாய்லரை ஒட்டிக் கிளாக் வால்வு, செங்குத்தாக. அதனுள் இருக்கும் குண்டு தன் இருக்கையிலிருந்து, துளை விட்டத்தில் குறைந்தது கால் பங்கு உயர இடம் வேண்டும். அந்த உயர்வு குறைந்தால் இஞ்செக்டர் எடுத்த தண்ணீரை உள்ளே தள்ள முடியாமல் ஓவர்ஃப்ளோவில் கொட்டும்.

எல்லாம் மாட்டியபின், இஞ்செக்டரை மட்டும் இணைக்காமல் தண்ணீர்க் குழாயில் ஒரு வாளி தண்ணீரை ஓடவிட்டு அலசுங்கள். பற்றாசுத் துணுக்கும் அரத்தூளும் வெளியே வரும். பிறகு இஞ்செக்டரை மாட்டுங்கள்.

இயக்குதல்

முதல் முறை பழகும்போது எஞ்சின் நின்றிருக்கட்டும், அழுத்தம் 70, 80 பவுண்டில் இருக்கட்டும், பாய்லரின் நீர்மட்டம் காட்டும் கேஜ் கண்ணாடியில் தண்ணீர் பாதிக்கு மேல் இருக்கட்டும்.

தண்ணீர் வால்வை முழுதாகத் திறந்து ஓவர்ஃப்ளோவைப் பாருங்கள். முறியாத தெளிந்த தாரையாக விழ வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் சல்லடை அடைத்திருக்கிறது. அங்கேயே நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள். சில விநாடிகள் ஓடவிட்டால் இஞ்செக்டரின் உடலும் குளிர்ந்துவிடும்.

அடுத்து நீராவி வால்வைத் தயங்காமல், ஒரே திருப்பில் முழுதாகத் திறங்கள். மெல்ல மெல்லத் திறப்பது இங்கே மரியாதையல்ல. அரைகுறை நீராவி தண்ணீரைச் சூடாக்குவதோடு நின்றுவிடும். ஓவர்ஃப்ளோ ஒரு கணம் கக்கித் தெறிக்கும். பிறகு திடீரென்று தாரை அறுந்து, குழாயின் முனை உலரும். அதே நொடியில் ஓசையும் மாறும்: சலசலப்பு போய், மெல்லிய, உயர்ந்த, சீரான ஒரு ரீங்காரம். அந்த ஓசை காதில் பதிந்துவிட்டால் பிறகு ஓவர்ஃப்ளோவைக் குனிந்து பார்க்க வேண்டிய தேவை பாதியாகக் குறையும்.

தாரை முழுதும் நிற்காமல் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தால் தண்ணீர் அதிகம். வால்வைச் சிறிது மூடுங்கள். ஆவியும் துளிகளுமாகச் சீறினால் தண்ணீர் போதவில்லை, அல்லது சூடாக இருக்கிறது, வால்வைத் திறங்கள். பாய்லர் அழுத்தம் இறங்க இறங்க நீராவி குறையும், அப்போது தண்ணீரையும் சற்றுக் குறைக்க வேண்டியிருக்கும். இஞ்செக்டர் ஓடும்போது பாய்லர் குளிர்வது இயல்பு. புளோயரைக் கொஞ்சம் திறந்து நெருப்பைக் கிளறிவிடுங்கள். சேஃப்டி வால்வு சீறத் தொடங்கும் நேரம்தான் இஞ்செக்டரைப் போடச் சிறந்த நேரம். வீணாகப் போகும் வெப்பம் தண்ணீரோடு பாய்லருக்கே திரும்பும்.

நிறுத்தும்போது முதலில் நீராவி, பிறகு தண்ணீர்.

கேஜ் கண்ணாடியில் தண்ணீரே தெரியவில்லை என்றால் இஞ்செக்டரைத் தொடாதீர்கள். நெருப்பை உடனே கீழே தள்ளுங்கள். காய்ந்து சிவந்த தகட்டின் மேல் குளிர்ந்த தண்ணீர் போகக் கூடாது.

எடுக்க மறுத்தால்

தொடக்கத்தில் சொன்ன நான்கு காரணங்களையும் வரிசையாக விசாரியுங்கள். டேங்கில் வெப்பமானி என்ன காட்டுகிறது? இஞ்செக்டரும் செலுத்துக் குழாயும் வேலை செய்யாமல் இருக்கும்போதே தொட முடியாத அளவு சுடுகின்றனவா? அப்படியானால் கிளாக் வால்வு கசிந்து பாய்லர் நீர் பின்னோக்கி வருகிறது. ஈரத்துணியைச் சுற்றிக் குளிர வைத்தால் அன்றைய ஓட்டத்தை எப்படியாவது முடித்துவிடலாம். வீட்டுக்குப் போய்க் குண்டையும் இருக்கையையும் சரிசெய்தாக வேண்டும். எடுத்துவிட்டுச் சில விநாடிகளில் விட்டுவிடுகிறதா, கூடவே விசிலில் தண்ணீர் தெறிக்கிறதா? பாய்லரில் தண்ணீர் அதிகம், அல்லது எண்ணெய் கலந்து நுரைக்கிறது. நீராவி ஈரமாக வருகிறது. ஓசை சீராக இல்லாமல் துடித்துத் துடித்து வருகிறதா? காற்றைத் தேடுங்கள், வால்வுத் தண்டிலிருந்து ஆரம்பியுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் மறுத்தால் மட்டும் இஞ்செக்டரைக் கழற்றுங்கள். மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு கிடைக்கும். ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு தேக்கரண்டி போட்டு இஞ்செக்டரை அதில் ஊறவையுங்கள். குமிழி வருவது நின்றால் படிவு கரைந்துவிட்டது என்று பொருள். எடுத்து நல்ல தண்ணீரில் பலமுறை அலசுங்கள். மேல் மூடியைத் திறந்தால் சின்னக் குண்டு ஒன்று இருக்கும். காற்றை வெளியேவிட்டுப் பிறகு வெற்றிடத்தில் இறுக அமர்வது அதன் வேலை. அதன் இருக்கையில் பொருக்கு ஒட்டியிருந்தால் துடைத்துவிடுங்கள். கழற்றும்போது கீழே ஒரு தட்டு வையுங்கள், உருண்டு போனால் அகப்படாது. கூம்புக்குள் அடைத்திருப்பதைத் தள்ள, கூராகச் சீவிய மரக்குச்சி போதும். ஊசியோ துளைக்கம்பியோ பட்டு விளிம்பில் ஒரு கீறல் விழுந்தாலும் அந்தக் கூம்பு வீண்.

ஓட்டம் முடிந்தபின்

நெருப்பை இறக்கியதும் நீராவி வால்வை இறுக மூடிவிடுங்கள், டேங்கை வடித்துவிடுங்கள். பாய்லர் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகும். வால்வு சற்றே திறந்திருந்தால் டேங்கில் மிச்சமிருக்கும் தண்ணீர் இஞ்செக்டர் வழியாகவே பாய்லருக்குள் ஏறிவிடும். மறுமுறை பார்த்தால் பாய்லர் கழுத்துவரை நிரம்பியிருக்கும். கடற்கரைப் பக்கம் வசிப்பவர்கள் இஞ்செக்டரைக் கழற்றி, ஊதி உலர்த்தி, மூடிபோட்ட டப்பாவில் வைத்துக்கொள்வது நல்லது. அதற்குள் எண்ணெய் விடாதீர்கள். அந்த எண்ணெய் அடுத்த முறை பாய்லருக்குள்தான் போகும். திறந்து நிற்கும் குழாய் முனைகளைத் துணியால் கட்டிவிடுங்கள். நம் ஊர்க் குளவிக்கு அந்த அளவுத் துளை என்றால் மிகவும் பிடிக்கும்.